நாற்பது சிவப்புத் தடிகள்

சோபனா என்ன வேலை செய்கிறாள் என்று உப்புக்குளத்தில் எவருக்கும் ஒழுங்காகச் சொல்ல வராது. அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி அருளம்மாவைக் கேட்டால், "பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பத்தைக் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போய், எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறது. அதுக்குச் சம்பளமும் குடுக்கினம்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சோபனாவும் மறுத்துப் பேசியதில்லை.

உண்மையில் கூட்டிக்கொண்டு போவது அவள் வேலையில் கால்வாசிதான். மன்னார் பட்டினத்தில் இரண்டு அறைக் கந்தோர் வைத்திருக்கும் சின்ன அமைப்பு ஒன்றுக்காக, பிள்ளைகளுக்கான வெளிவகுப்புகளை யோசித்து எழுதிக் கொடுப்பதுதான் அவளுடைய உத்தியோகம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு சனிக்கிழமைகள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஓர் இடம், ஒரு காரியம். வங்காலைப் பக்கத்துச் சதுப்பில் எந்தப் பக்கம் நின்று பூநாரையைப் பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்காது, கண்டல் மரத்து வேரில் பிள்ளைகள் எவ்வளவு தூரம் ஏறலாம், மழை வந்தால் எங்கே ஓடுவது, பெண்பிள்ளைகள் எங்கே ஒதுங்குவது, எத்தனையாவது நிமிடத்தில் பசிக்கத் தொடங்கும், எல்லாம் தாளில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பசித்த பிள்ளைக்குப் பூநாரையும் ஒன்றுதான், கோழியும் ஒன்றுதான்.

கொழும்பிலிருந்து வந்த பெரியவர்கள் ஒருமுறை அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்து வியந்து போனார்கள். சத்தங்களைக் கேட்டு எழுதும் பயிற்சிக்கு ஆறு நிமிடம் என்று போட்டிருந்தாள். பத்தும் இல்லை, ஐந்தும் இல்லை. எப்படி இவ்வளவு கணக்காக நேரம் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். "பழகினதுதான் சேர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டாள். அந்த ஆறு நிமிடத்தைக் கண்டுபிடித்தது அவள் மகள் லக்சிகா. லக்சிகாவுக்குப் பத்து வயது. கடலுக்கு அந்தப் பக்கம், மண்டபம் அகதி முகாமில் தகப்பனோடு இருக்கிறாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குச் சோபனா வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். வரப்போகும் சனிக்கிழமைக்கு என்ன எழுதியிருக்கிறாளோ அதை முதலில் மகளுக்குச் சொல்வாள். லக்சிகா மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகாமின் வேப்பமரத்தடியிலோ பின்பக்கத்து மணலிலோ அதைச் செய்து பார்த்துவிட்டுக் குற்றம் குறை சொல்வாள். சொல்வதில் தாட்சணியம் பார்க்கமாட்டாள். "பத்து நிமிஷம் ரொம்ப அதிகம்மா. ஆறு நிமிஷம் வரைக்கும் சத்தம் கேட்டேன். அப்புறம் என் செருப்பைத்தான் பார்த்துட்டு இருந்தேன்." சோபனா பத்து என்பதை வெட்டி ஆறு என்று எழுதுவாள். மன்னாரில் இருபது பிள்ளைகளும் ஆறாவது நிமிடம்வரை அசையாமல் இருப்பார்கள். அவளுக்கு அது பெருமையாகவும் இருக்கும், ஏக்கமாகவும் இருக்கும்.

மகளின் உயரத்துக்கு ஒரு மூங்கில் தடியும் வெட்டி வைத்திருந்தாள். நூற்று முப்பத்தொரு சென்ரிமீற்றர். புது இடம் ஒன்றைப் பார்க்கப் போனால் அந்தத் தடியை மணலில் ஊன்றி, அதன் நுனிக்குத் தன் கண்ணைக் கொண்டுபோய்க் குனிந்து பார்ப்பாள். பெரியவர்களுக்குக் கடல் தெரியும் இடத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குப் புல்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் நிற்கும் இடத்தை மாற்றுவாள். வழியில் போகிறவர்கள், நடு வெயிலில் தடியோடு குனிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அவள் நினைத்தது ஒன்றே ஒன்று. லக்சி இங்கே நின்றால் அவளுக்கு இது தெரியுமா, தெரியாதா.

சோபனாவும் அந்த முகாமில் பிறந்தவள்தான். தொண்ணூறாம் ஆண்டு கடல் கடந்த குடும்பம். முகாமில் வளர்ந்து, முகாமிலேயே அருள்நேசனைக் கட்டி, முகாமிலேயே பிள்ளையும் பெற்றாள். பின்னேரம் ஆறு மணிக்கு உள்ளே நிற்கவேண்டும், பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கவேண்டும். இருபத்தெட்டு வயதுவரை கையைத் தூக்கினாள். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் அவளுடைய தகப்பன் இராசேந்திரம், இலுப்பைக்கடவைக் காணியில்தான் சாவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனுசனைத் தனியே விட ஏலாது. "முதல்ல நான் அப்பாவோட போறன். வீட்டைக் கட்டிப்போட்டுச் சொல்லுறன், ஒரு வருசத்தில நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்தாள். லக்சிகாவுக்கு அப்போது நாலு வயது.

அந்த ஒரு வருடத்துக்குள் கொரோனா வந்தது. கொரோனா போக, இங்கே பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்றது. "அங்க இருந்து சனம் படகேறி இஞ்ச வருகுது, நீ எங்களை அங்க வரச் சொல்லுறாய்" என்று அருள்நேசன் போனில் சொன்னான். அவன் கெட்ட மனுசன் இல்லை. பெயின்ற் அடிக்கும் வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளைக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். இப்படியே ஒரு வருடம் ஆறு வருடமாகப் போய்விட்டது. தகப்பன் காணியில் இருக்க, வேலைக்காக அவள் உப்புக்குளத்தில் வாடகைக்கு வந்துவிட்டாள்; லீவு நாளில் போய்ப் பார்த்து வருவாள்.

நடுவில் ஒருதரம் விசா எடுத்துப் பதினைந்து நாள் போய்வந்தாள். முதல் மூன்று நாளும் பிள்ளை விருந்தாளிக்குப் பதில் சொல்வதுபோல மரியாதையாகப் பேசினாள். பத்தாம் நாள் நித்திரையில் காலைத் தூக்கித் தாயின் மேல் போட்டாள். சோபனா விடியும்வரை புரண்டு படுக்கவில்லை. பதினைந்தாம் நாள் காலையில், "வரேன்மா" என்று புத்தகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள் லக்சிகா. பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அம்மா இருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகும் பையும் சோபனாவின் கண்ணைவிட்டு இன்றுவரை போகவில்லை.

இந்த மாசி மாதம் அருள்நேசன் தானாகவே பேச்சை எடுத்தான். நாடு திரும்பும் குடும்பங்களின் அடுத்த பட்டியல் எழுதுகிறார்கள், மாத முடிவுக்குள் பெயர் கொடுக்கவேண்டும்.

"நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு வரமாட்டன், சோபனா. அவள் வாறன் எண்டு வாயால சொன்னால் அடுத்த நிமிசம் பெயர் குடுப்பன். அவளே சொல்லட்டும்."

"பத்து வயசுப் பிள்ளையின்ர தலையில ஏன் இதைக் கட்டுறியள்?"

"பின்ன ஆரின்ர தலையில கட்டுறது? நீ கேட்டாலும் அழுகை வரும், நான் கேட்டாலும் அழுகை வரும்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு, யாருக்கும் தெரியாமல், கட்டில் எங்கே போடலாம் என்று அறையை அளந்து பார்த்தாள். பிள்ளை வாறன் என்றுதான் சொல்வாள் என்று அவள் மனம் அடித்துச் சொன்னது. லக்சிகாவிடம் கேட்டபோது அவள் யோசித்துவிட்டு, "இந்த சனிக்கிழமை முடியட்டும்மா. என்னோட குச்சி எப்படிப் போச்சுன்னு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க. அப்புறம் நானும் சொல்றேன்" என்றாள்.

அந்தக் குச்சி விசயத்தைச் சொல்லவேண்டும். ஒன்பதாவது சனிக்கிழமைக்கு சோபனா எழுதியிருந்தது மிகவும் எளிமையானது. மணலில் நாலு மூலைக்கு நாலு தடி நட்டு ஒரு சதுரம். ஒரு சதுரத்துக்கு இரண்டு பிள்ளைகள். அதற்குள் குந்தியிருந்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். எறும்பு, அடம்பன் கொடி, நண்டு வளை, காற்றில் உருண்டு வந்து நின்ற இராவணன் மீசைப் புல்லின் பந்து, எதுவானாலும் சரி. கண்டதை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அவளுடைய பயிற்சிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கும் ஒரே சட்டம்.

வெள்ளிக்கிழமை லக்சிகா படம் அனுப்பியிருந்தாள். முகாமின் மணலில் நாலு குச்சிகள். நாலின் தலையிலும் அப்பாவின் வாளியில் மிஞ்சிய சிவப்புப் பெயின்ற். "அம்மா, சும்மா குச்சி மண்ணு கலர்லயே இருக்கு, தொலைஞ்சு போகுது. இப்படி வெச்சா தூரத்துலேர்ந்தே தெரியும்" என்று குரல் பதிவும் வந்தது. சோபனா அதை ஐந்தாறு தரம் போட்டுக் கேட்டாள். மகள் சொன்ன ஒன்று, இந்தக் கரையில், இருபது பிள்ளைகளின் கண்முன்னே நிற்கப்போகிறது. பிள்ளையே பாதி வந்துவிட்டது போல அவளுக்குப் பட்டது.

கந்தோரில் அவளோடு வேலை செய்யும் சரீபாவும் படத்தைப் பார்த்து, "ஒங்கட புள்ளைக்கு நல்ல மூளை" என்றாள். சரீபாவின் குடும்பம் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு தொண்ணூறில் மன்னாரைவிட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்துக்குப் போனது. அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான், திரும்பி வந்து சில வருடங்கள்தான். ஒருத்தி மண்டபத்தில் வளர்ந்தவள், மற்றவள் புத்தளத்தில் வளர்ந்தவள். இரண்டு பேரும் அன்றைக்கே சின்ன டின்னில் சிவப்புப் பெயின்ற் வாங்கி, கந்தோரின் பின்பக்கம் குந்தியிருந்து, சிரித்துப் பேசிக்கொண்டு நாற்பது தடிக்குத் தலையில் சிவப்பு அடித்தார்கள். இந்த ஊரில் போர்க்காலத்தைக் கடந்த ஒரு மனுசர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஒருவரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை இலுப்பைக்கடவைக் கரையில், புதர்ப் பத்தைகள் முடிந்து மணல் தொடங்கும் வெளியில், இரண்டு பேரும் வெள்ளனவே போய்ப் பத்துச் சதுரத்தையும் நட்டு முடித்தார்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. சோபனா தன் மகளுக்கு அனுப்பப் படமும் எடுத்தாள். எட்டு மணிக்குப் பஸ் வந்தது. இருபது பிள்ளைகள், கூடவே மதியச் சாப்பாட்டுச் சட்டிகளோடு ஐந்து தாய்மார். பிள்ளைகள் வழக்கம்போல ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். பத்தையைத் தாண்டினதும் முன்னால் வந்தவன் நின்றான். அவனில் முட்டிக்கொண்டு மற்றவர்களும் நின்றார்கள்.

சோபனா சதுரங்களின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தாள். "வாங்கோ பிள்ளையள், உள்ளுக்கு வாங்கோ. ரெண்டு ரெண்டு பேராய் வாங்கோ" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அவர்களை நோக்கி இரண்டு அடி வைத்தாள்.

"ரீச்சர், அசையாதேங்கோ" என்றாள் யதுர்சிகா என்ற பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அது. முகம் வெளிறிப் போயிருந்தது. "அதிலயே நில்லுங்கோ. போன கால் தடத்திலயே கால் வைச்சுத் திரும்பி வாங்கோ, ரீச்சர்." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். அவள் அழ, இன்னும் நாலைந்து பிள்ளைகள் அழுதார்கள். சோபனா அதிலேயே நின்றுவிட்டாள். என்ன பிழை என்று தெரியாது. ஆனால் ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது என்று மட்டும் விளங்கியது.

தாய்மாரில் ஒருத்தி சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். றஞ்சிதா என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடிக்கு ஒரு முழம் இப்பால் நின்று, குந்தியிருந்து, அதை உற்றுப் பார்த்தாள்.

"இதை நட்டது ஆர், தங்கச்சி?"

"நாங்கள்தான் அக்கா. பிள்ளையளின்ர விளையாட்டுக்கு."

"சிவப்பு அடிக்கச் சொன்னது ஆர்?"

என் மகள் என்று சோபனாவின் வாய்க்கு வரவில்லை.

"மிதிவெடிக்குத் தங்கச்சி இந்தத் தடி" என்றாள் றஞ்சிதா. திட்டுகிற குரலில் இல்லை. "சிவப்புத் தலை நிண்டால் அங்கால கால் வைக்கப்படாது. நான் ஏழு வருசம் மிதிவெடி எடுக்கிற வேலை செய்தனான். முழங்காலில நிண்டு, ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு மண். இந்த வெளியும் நாங்கள் எடுத்ததுதான். இதில ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் விளையாட்டுக்கு நட்டதெண்டும் இப்ப தெரியும். ஆனா பாருங்கோ, கால் போகுதில்லை."

அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். தூக்கிய கால் தடிக்கு இப்பாலேயே இறங்கியது. இந்தப் பிள்ளைகள் சண்டை முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் நடக்கப் பழகும்போதே தாய்மார் சொல்லிக் கொடுத்தது அது. சோற்றைச் சிந்தாதே, பொய் சொல்லாதே, சிவப்புத் தடிக்கு அங்கால போகாதே. சோபனாவுக்கு அவளுடைய தாய் சொல்லிக் கொடுத்தது வேறு. ஆறு மணிக்கு முதல் உள்ளே வா, பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்கு.

நாற்பது தடியையும் சோபனாதான் பிடுங்கினாள். சரீபா உதவிக்கு வரப் பார்த்தாள். யதுர்சிகா அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு தடிக்கும் நடந்துபோய், பிடுங்கி, அடுத்ததற்கு நடக்கும்போது இருபது பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் காலைப் பார்த்தார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆறு வருடமாக இந்த ஊர்க்காரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக் கொடுக்கிறவள் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இந்த மண்ணில் எங்கே கால் வைக்கலாம் என்று பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. கடைசித் தடியைச் சாக்கில் போட்டுக் கட்டி, பஸ்ஸுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, பஸ்ஸின் பின்பக்கம் நின்று அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. றஞ்சிதாதான் முதலில் மணலில் இறங்கினாள். பிள்ளைகள் வரிசையாக, அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை குழம்பியது. பயத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் வரிசையில் நிற்பது. தடி இல்லாமல் சதுரத்துக்கு என்ன செய்வது என்று சோபனா முழித்தபோது, றஞ்சிதா தன் செருப்பைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தாள். இரண்டு பிள்ளைக்கு நாலு செருப்பு. பத்துச் சதுரம் அமைந்துவிட்டது. செருப்புக்கு நடுவில் குந்தியிருந்து பிள்ளைகள் எழுதினார்கள். யதுர்சிகா தன் கொப்பியில் பதினேழு எழுதியிருந்தாள். பதினேழாவது, ரீச்சரின் கால் தடம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சரீபா பக்கத்தில் வந்து இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகும் பேச்சு அவளுக்கும் தெரியும்.

"புள்ளைக்கு இத சொல்ல வேணாம், சோபனா."

"அவள் முதல் கேள்வியே அதைத்தான் கேப்பாள்."

"நல்லாப் போச்சு எண்டு சொல்லுங்க. செருப்பு வெச்சு நல்லாத்தானே போச்சு, அது பொய்யில்லையே. மிதிவெடி எண்டு வாயெடுத்தா, ஒங்கட புருசனும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு. அதோட முடிஞ்சிரும். மொதல்ல புள்ள வந்து சேரட்டும். பொறகு மெதுவாச் சொல்லலாம்."

சரீபா சொன்னதில் நியாயம் இருந்தது. வீடு வந்தும் சோபனா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். நல்லாப் போச்சு. இரண்டு சொல். அதைச் சொன்னால் பிள்ளை சிரிப்பாள், சிரித்த வாயோடு வாறன் என்பாள். கட்டிலுக்கு அளந்த இடம் அப்படியே இருக்கிறது. ஆறு வருடத்தில் பதினைந்தே நாள் பிள்ளையின் தலைமயிரைத் தொட்டுப் பார்த்த ஒருத்தி இரண்டு சொல் சொன்னால் வானம் இடிந்து விழுந்துவிடாது. ஞாயிறு காலை தேவாலயத்துப் பூசைக்குப் போயும் அவள் மனம் அதிலேதான் நின்றது. முழங்காலில் இருந்தபோது றஞ்சிதாவின் முழங்கால்கள் நினைவுக்கு வந்தன.

பூசை முடிந்து வந்து, கதிரையைச் சுவரோடு போட்டு இருந்துகொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே லக்சிகா எடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். பின்னால் அருள்நேசன் கிணுகிணு என்று ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"என்னோட குச்சி எப்படிம்மா போச்சு?"

"நல்லா" என்று தொடங்கினாள். எண்ணெய் மினுங்கும் நெற்றியும், கவனமாகக் காத்திருக்கும் கண்ணுமாக அந்த முகம் திரை முழுக்க இருந்தது. ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு நான் செருப்பைத்தான் பார்த்தேன் என்று தாய்க்கு உண்மை சொன்ன முகம். சோபனாவால் அடுத்த சொல்லைச் சொல்ல முடியவில்லை. "நல்லாப் போகேல்லை, லக்சி" என்றாள். பிறகு பஸ் வந்ததிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னாள். பாத்திரம் கழுவும் சத்தம் நடுவில் நின்றுபோனதை அவள் கவனித்தாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

லக்சிகா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"அந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுமாம்மா?"

"ஓம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. நானும் உன்னைப் போல அங்கதானே வளர்ந்தனான்."

"தாத்தாவுக்கு?"

"தெரிஞ்சிருக்கும். நான் கேக்கேல்லை."

"இப்பவும் அங்க வெடி இருக்கா?"

"அந்த இடத்தில இல்லை. எல்லாம் எடுத்து முடிச்சிட்டினம்."

"மத்த இடத்துல?"

"எனக்குத் தெரியாது, லக்சி."

பின்னால் அருள்நேசன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். பாத்திரம் கழுவும் சத்தம்தான் மறுபடியும் தொடங்கியது. அதுவும் அவன் குணம்தான்.

"அழுதீங்களாம்மா?"

"ம்."

"என்னாலதானே?"

"இல்லை அம்மாச்சி. உன்னால இல்லை. உன்ர யோசினை நல்லது. இந்த ஊருக்குத்தான் அது சரிவரேல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. பின்னலின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சோபனா கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"நீ சொல்லுறன் எண்டு சொன்னனீ. என்ன செய்வம்? எப்ப வாறாய்?"

ஆறு வருடமாக ஒவ்வொரு அழைப்பிலும் கேட்ட கேள்விதான். கேட்டுக் கேட்டு அது சாப்பிட்டாயா என்பதுபோல ஆகியிருந்தது. லக்சிகா பின்னலை வாயிலிருந்து எடுத்தாள்.

"நீங்க எப்பம்மா வருவீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அருள்நேசன் கேட்டதில்லை, தகப்பன் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டதில்லை. வருவது அவர்கள், காத்திருப்பது தான் என்றே இருந்துவிட்டாள். தாத்தாவைத் தனியே விட ஏலாது என்று சொல்லலாம், விசா லேசில் கிடைக்காது என்று சொல்லலாம், வேலை இருக்கிறது என்று சொல்லலாம். எல்லாம் உண்மை. ஒன்றும் பதில் இல்லை. ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும் அந்த இடத்தில் மறுபடியும் போய் நின்று கையைத் தூக்க அவளால் முடியாது. இந்தக் கரையில் கால் எங்கே வைப்பதென்று தெரியாவிட்டாலும் முடியாது. அதுதான் பதில். பிள்ளை முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவேண்டியிருந்தது.

"எனக்கு அங்க வரவேணும் எண்டு சரியான ஆசை, லக்சி. ஒவ்வொரு நாளும் ஆசை" என்றாள். பிறகு மிச்சத்தையும் சொன்னாள். "ஆனா நான் வரமாட்டன்."

லக்சிகா தலையை ஆட்டினாள். அழவில்லை. கனநாளாகத் தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்ததுபோல, கொஞ்சம் நிம்மதியாகக்கூட அவள் முகம் இருந்தது.

"எனக்கும் அதே மாதிரிதாம்மா" என்றாள்.

சோபனாவும் தலையை ஆட்டினாள். அங்கே வெளியில் யாரோ தண்ணீர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். லக்சிகா போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, "வெச்சிடாதீங்க, வரேன்மா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். சோபனா வைக்கவில்லை. ஆள் இல்லாத திரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை தண்ணீர் பிடித்து வரும்வரை இருந்தாள்.